கந்தளாயிலிருந்து கொழும்புக்கு ஒரு குழாய் இரத்தம்

நரம்பிலிருந்து எடுத்துக் குழாய்க்குள் விட்ட பிறகும் இரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. சிவப்பணுக்களுக்கு அங்கேயும் பசிக்கிறது. தம்மைச் சூழ்ந்திருக்கும் சீனியை அவை தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை அந்தச் சீனி குறைந்துவிடும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து கைநீட்டிய ஒருவரின் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 130 மில்லிகிராம் சீனி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குழாய் மூன்று மணி நேரம் ஒரு பெட்டிக்குள் கிடந்து, பிறகு இயந்திரத்துக்குப் போனால் ரிப்போர்ட்டில் 108 என்று வரக்கூடும். இயந்திரத்தில் பிழை இல்லை, அதன் முன் வந்து சேர்ந்த இரத்தத்தில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் சீனி வருத்தம் உள்ள ஒருவர், கொஞ்சம் கவனமாக இருங்கள் என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

அந்த மூன்று மணி நேரம் எங்கே போனது என்பது கந்தளாயில் நின்று பார்த்தால் விளங்கும். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து தென்மேற்கே, ஏ-6 வீதியில் நாற்பது கிலோமீற்றரளவில் இருக்கிறது ஊர். இரண்டாம் அக்கபோதி மன்னனின் பெயரோடும், தமிழர் மரபில் குளக்கோட்டனின் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படும் பெருங்குளம், அதை நம்பிய வயல்கள், நின்றுபோன சீனித் தொழிற்சாலை. அக்போபுர, வான்எல, முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் என்று சுற்றிலும் பரந்து கிடக்கும் குடியிருப்புகள். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கிளினிக் வரிசையில் நிற்கும் இடம். நகரில் ஆதார வைத்தியசாலை உண்டு. அதற்குக் கீழே, ஊர்ப்பக்கம், பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப வைத்தியப் பராமரிப்பு அலகுகளும். மேலே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை. எல்லாவற்றுக்கும் மேலே, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். வைத்தியசாலைக்காரர்கள் எம்.ஆர்.ஐ. என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் படிகளில் எந்தச் சோதனையை எந்தப் படியில் வைப்பது? ஒரு நாட்டின் ஆய்வுகூடச் சேவையைத் திட்டமிடுகிறவர்களுக்கு முன்னால் வரும் முதல் கேள்வி இது. பெரும்பாலும் பணத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள்: மலிவான சோதனை கீழே, விலை கூடிய இயந்திரம் மேலே. எனக்கு அது பொருந்தாத அளவுகோலாகவே படுகிறது. அளக்க வேண்டியது நேரத்தை. ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு அவகாசங்கள் உண்டு. எடுத்த மாதிரி கெடாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஒன்று. முடிவு தெரியாமல் நோயாளி எவ்வளவு நேரம் தாங்குவார் என்பது மற்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது கந்தளாயிலேயே நடக்க வேண்டும், எது திருகோணமலைக்குப் போகலாம், எது கொழும்புவரை பயணம் செய்யலாம் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே இருபது மடங்குக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது அணுவின் மென்சவ்வில் உள்ள ஒரு புரதப் பம்பி. அது ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தால்தான் உள்ளது உள்ளே நிற்கும், இயங்குவதற்கு வெப்பமும் வேண்டும். மாதிரியைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்தால் பம்பி ஓய்ந்து, பொட்டாசியம் வெளியே கசியத் தொடங்கிவிடும். திருகோணமலைக்குப் போய்ச் சேரும்போது, நலமாக இருக்கும் ஒருவரின் இரத்தம் ஆபத்தில் இருப்பவரின் இரத்தமாகத் தெரியும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் உண்மையிலேயே ஏறினால் இதயத்துடிப்பு தடம்புரளும். அவருக்கு நாளைக்கு வரும் ரிப்போர்ட்டால் எந்தப் பயனும் இல்லை. மாதிரிக்கும் அவகாசமில்லை, நோயாளிக்கும் அவகாசமில்லை. இந்தச் சோதனை ஆதார வைத்தியசாலைக்குள்ளேயே, இரவு பகல் எந்நேரமும் நடந்தாக வேண்டும். அந்தப் படிக்கும் கீழே உள்ள சிறிய நிலையங்களிலிருந்து அனுப்பத்தான் வேண்டுமென்றால், இரத்தம் உறைந்ததும் மையவிலக்குப் பொறியில் சுற்றி, அணுக்களைப் பிரித்துவிட்டுத் தெளிந்த பாயத்தை மட்டும் அனுப்ப வேண்டும். பிரித்த பிறகு கசிவதற்கு அணுவே இல்லை. ஆக, ஒரு கிராமத்து நிலையத்துக்கு முதலில் வேண்டியது சின்னஞ்சிறு மையவிலக்குப் பொறியும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும்தான்.

சீனிக்கும் ஒரு வழி இருக்கிறது: ஃபுளோரைட் போட்ட சாம்பல் மூடிக் குழாய். ஆனால் ஃபுளோரைட் தடுப்பது சீனியை உடைக்கும் வினைத்தொடரின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு நொதியை. முன்பகுதி சிறிது நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சாம்பல் குழாயிலும் ஓரளவு சீனி குறையும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனையோ வேறு வகை. சீனி ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபினை அளப்பது அது. குளிரில் வைத்தால் அந்தக் குழாய் பல நாள் தாங்கும், கொழும்புக்குக்கூடப் போய்வரலாம்.

இதைவிட நன்றாகப் பயணம் செய்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் ஒற்றி எடுத்து உலர்த்திய ஒரு துளி இரத்தம். அமெரிக்காவில் ரொபர்ட் கத்ரி என்பவர் 1960களில் பரப்பிய முறை இது. தைரோயிட் சுரப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தையைக் கண்டுபிடிக்க இலங்கையில் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2010இல் தென் மாகாணத்தில், காலியை மையமாக வைத்துத் தொடங்கியது. காய்ந்த துளியைக் கடித உறையில் போட்டு அனுப்பலாம், குளிர்பெட்டி வேண்டாம். மாதிரிக்கு வாரக்கணக்கில் அவகாசம். குழந்தைக்கு அப்படியல்ல. முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும், தாமதித்தால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பின்தங்கிவிடும். எனவே இந்தச் சோதனையைக் கந்தளாயில் செய்யத் தேவையே இல்லை. கந்தளாயில் இருக்க வேண்டியது, முடிவு வந்த அன்றே தாயின் வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய குடும்ப நல மருத்துவ மாது. அவரையும் ஆய்வுகூடச் சேவையின் ஓர் உறுப்பாகத்தான் நான் எண்ணுகிறேன்.

ஆய்வுகூடம் என்பதை ஒரு கட்டடமாக நினைக்காமல், கிராமத்துக்குக் கிராமம் போய் மாதிரி எடுத்துவந்து முடிவு சொல்லும் ஒரு சங்கிலியாக இந்த நாடு முன்பே நடத்திக் காட்டியிருக்கிறது. மலேரியாவைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கதை கொழும்பில் எழுந்த நுண்ணுயிரியல் நிறுவனம் ஒன்றோடு தொடங்குகிறது. இன்றைய எம்.ஆர்.ஐ.யின் வேர் அது. இத்தாலியரான அல்டோ கஸ்டெலானி 1903இல் அங்கே வந்து சேர்ந்து, பறங்கிப்புண் நோயின் கிருமியை 1905இல் கண்டார். அறிவியல் உலகில் கொழும்புக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் நுண்ணோக்கி கொழும்பில் இருந்தது, மலேரியா உலர்வலயத்தில் இருந்தது. 1934-35 மலேரியாப் பெருந்தொற்றில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கண்ணாடித் தகடும் ஊசியும் ஊருக்குள் பரவலாகப் போகத் தொடங்கின. காய்ச்சல்காரரின் விரல்நுனியில் குத்தி, ஒரே தகட்டில் தடித்த பூச்சு ஒன்றும் மெல்லிய பூச்சு ஒன்றும் இழுப்பார்கள். தடித்ததில் இரத்தம் அதிகம், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவதற்கு அது. மெல்லியதில் அணுக்கள் தனித்தனியாகத் தெரியும், எந்த இனம் என்று பார்ப்பதற்கு. கியம்சா சாயம் ஏறியதும் ஒட்டுண்ணியின் கரு செம்மையாகவும் உடல் நீலமாகவும் தெரியும். இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு நூறு, இருநூறு பார்வைப்புலங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாக வேண்டும். கண் வலிக்கும் வேலை.

1946இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கிய பிறகு நோய் சரசரவென்று இறங்கியது. 1963இல் நாடு முழுவதும் 17 பேர்தான். வென்றுவிட்டோம் என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருப்பது ஆறே ஆண்டுகள். பிறகு போர் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பாதைகள் அடைபட்ட காலத்திலும் தகடுகள் போய்வந்துகொண்டிருந்தன. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை படிப்படியாகக் கரைந்து, 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஆண்டுக்குப் பத்து இலட்சமளவில் தகடுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஊரில் பார்த்துக் கிருமி இல்லை என்று எழுதிய தகடுகளிலும் ஒரு பகுதியை மேலே அனுப்பி இன்னொருவர் கண்ணால் மறுபடி பார்க்கவைத்தார்கள். நுளம்புக்கு மருந்து தெளித்தவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்களுக்கு இந்த நாடு பட்டிருக்கும் கடன் பெரிது.

2018 டிசம்பரில் மொனராகலையில் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் வழியாக வந்தது. அதைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்த முடிந்தது என்றால், ஒழிந்துபோன நோயைத் தேடி இன்னும் யாரோ தகடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கிருமியையே காணாத தலைமுறைத் தொழில்நுட்பவியலாளருக்கு அதன் உருவம் மறந்துவிடாமல் இருக்கப் பழைய தகடுகளைச் சேர்த்து வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் ஆகும் செலவு, பலனைக் கண்ணால் காட்ட முடியாத செலவு. வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் கத்தி விழுவதும் இப்படியான இடத்தில்தான்.

டெங்குவில் நிலைமை நேர்மாறு. 2017இல் நாடு முழுக்க ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கந்தளாய்க்கு அயலிலுள்ள கிண்ணியாவில் மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்து பாடசாலைகளை மூடும் அளவுக்குப் போனது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கி ஓரிரு நாள் நீடிக்கும். இரத்தக் குழாய்ச் சுவர்களினூடாகத் திரவம் கசிந்து வெளியேற, மிச்சமிருக்கும் இரத்தம் தடிக்கும். அணுக்களின் கனவளவு வீதம், அதாவது ஹீமட்டோக்கிரிட், வழமையை விட இருபது சதவீதம் ஏறினால் கசிவு நடக்கிறது என்று அறியலாம். எல்லோரும் கேட்பது பிளேற்லட் எண்ணிக்கையைத்தான். ஆனால் வைத்தியர் சேலைனைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்க உதவுவது ஹீமட்டோக்கிரிட். சில மணிக்கொரு தடவை அதைப் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக, மயிர்த்துளைக் குழாயும் சிறிய மையவிலக்குப் பொறியும் இருந்தால் வார்ட்டிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பிளேற்லட் எண்ணும் இயந்திரம் வேலை செய்யும் விதம் அழகானது. வொலஸ் கூல்டர் என்ற அமெரிக்கர் 1953இல் காப்புரிமை பெற்றது. உப்புத் திரவத்தில் அணுக்களைக் கலந்து, மிக நுண்ணிய துளை ஒன்றினூடாக இழுப்பார்கள். துளையில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் அணு கடக்கும்போது மின்தடை ஒரு கணம் கூடும். எத்தனை முறை கூடியது என்பது எண்ணிக்கை, எவ்வளவு கூடியது என்பது அணுவின் பருமன். இயந்திரத்துக்குப் பருமன்தான் தெரியும், முகம் தெரியாது. சிவப்பணுவின் உடைந்த துண்டையும் அது பிளேற்லட் என்று எண்ணும். பிளேற்லட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் எண்ணாமலே விட்டுவிடும். எண்ணிக்கை மிகவும் தாழ்ந்து வந்தால், ஒரு தகட்டைச் சாயமிட்டு மனிதக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

இனிச் சிறுநீரகத்துக்கு வருகிறேன். கந்தளாய்ப் பக்கத்து மக்களுக்கு ஆய்வுகூடத்தைப் பற்றிக் கேட்க ஏதாவது இருக்குமானால் அது இதைப் பற்றித்தான் இருக்கும். 1990களின் நடுப்பகுதியில் வட மத்திய மாகாணத்தில், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை வைத்தியர்கள் கவனித்தார்கள். பதவிய, மெதிரிகிரிய என்று பெயர்கள் வந்தன. மாகாண எல்லை நோய்க்குத் தெரியாது. திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுரவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கிணற்று நீரின் ஃபுளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் வற்றிய உடல் என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே காரணம் என்று ஒன்று இன்னும் இல்லை.

ஆய்வுகூடக் கோணத்தில் இந்த நோய் பொல்லாதது. வழமையாகச் சிறுநீரகம் பழுதானால் சிறுநீரில் புரதம் போகும். ஒரு பட்டியை நனைத்து நிறம் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த நோய் தாக்குவதோ வடிகட்டிகளை விட அவற்றைத் தொடர்ந்து வரும் நுண்குழாய்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட இழையத்தையும். ஆரம்பத்தில் புரதம் அதிகம் போகாது. பட்டியை மட்டும் நம்பினால் நோயாளி கையைவிட்டு நழுவிவிடுவார். இரத்தத்தில் கிரியற்றினினை அளந்தே ஆக வேண்டும்.

கிரியற்றினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. வடிப்பது குறைந்தால் இரத்தத்தில் ஏறும். ஆனால் வடிதிறன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்வரை, அளவு வழமையான எல்லைக்குள்ளேயே நின்று ஏமாற்றக்கூடும். அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஒரு சமன்பாட்டில் போட்டு வடிதிறனைக் கணிக்கிறார்கள். 2021இல் திருத்திய சமன்பாட்டின்படி, ஐம்பது வயது ஆண் ஒருவரின் கிரியற்றினின் 1.2 மில்லிகிராம் என்றால் வடிதிறன் ஏறத்தாழ 74. அதே மனிதருக்கு 1.5 என்று வந்தால் 56. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். வெறும் 0.3 மில்லிகிராம், ஒரு விவசாயியை நலமானவர் என்ற பக்கத்திலிருந்து நோயாளி என்ற பக்கத்துக்கு நகர்த்திவிடுகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் பெரும்போகத்துக்கு முன் கந்தளாயில் இரத்தம் கொடுத்தார், 1.2. அறுவடைக்குப் பிறகு பொலன்னறுவையில் கொடுத்தார், 1.5. மோசமானது அவருடைய சிறுநீரகமா, அல்லது இரண்டு ஆய்வுகூடங்களும் இரண்டு விதமாக அளக்கின்றனவா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நாட்டில் எத்தனை இயந்திரம் இருந்தும் பயனில்லை.

இரண்டு விதமாக அளக்க நிறையவே வாய்ப்புண்டு. மக்ஸ் யாஃபே என்ற ஜேர்மனியர் 1886இல் கண்ட ஒரு நிறமாற்றம், காரத்தில் பிக்கிரிக் அமிலத்தோடு கிரியற்றினின் சேர்ந்து செம்மஞ்சள் ஆவது, இன்றும் உலகெங்கும் மலிவான சோதனையாக வாழ்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த நிறத்தை வேறு பொருள்களும் கொடுக்கும். சீனியும் கீற்றோன்களும் ஏறியிருந்தால் கிரியற்றினின் கூடியதாகக் காட்டும். மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின் அதைக் குறைத்துக் காட்டும். வயல் சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் முற்றினால் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்றாகவே வரும். அளவீடு சரியாக இருக்க வேண்டிய அந்த வேளையில்தான் யாஃபே முறை தாழ்த்திச் சொல்லக்கூடும். நொதியை வைத்து அளக்கும் புதிய முறை இந்தக் குழப்பங்கள் பலவற்றைத் தவிர்க்கிறது. விலை கூட. சிறுநீரக நோய் மலிந்த மாவட்டங்களுக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அலகும் ஒரு தொல்லை: ஓரிடத்தில் மில்லிகிராம், மற்றோரிடத்தில் மைக்ரோமோல். 1.2ஐ 88.4ஆல் பெருக்கினால் 106. இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு 1.2 எப்படி 106 ஆனது என்று பதறும் ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

ஆய்வுகூடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் அமெரிக்காவின் பெல்க்கும் சண்டர்மனும். 1947இல், பென்சில்வேனியா வைத்தியசாலைகளுக்கு ஒரே திரவத்தைப் பங்கிட்டு அனுப்பி அளக்கச் சொன்னார்கள். வந்த விடைகள் திகைக்கவைத்தன. 1950இல் லீவி, ஜெனிங்ஸ் என்ற இருவர் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கும் வரைபடத்தை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அளவு தெரிந்த ஒரு திரவத்தை ஒவ்வொரு நாள் காலையும் நோயாளிகளின் இரத்தத்துக்கு முன்னால் இயந்திரத்தில் ஓட்டி, விடையை ஒரு புள்ளியாக வைப்பது. நடுக்கோட்டைச் சுற்றிப் புள்ளிகள் மேலும் கீழும் சிதறியிருந்தால் நலம். நியமவிலகலின் இரண்டு மடங்குக்கு வெளியே ஒரு புள்ளி விழுவது இருபது நாளில் ஒருமுறை தற்செயலாகவே நடக்கும். ஆனால் தொடர்ந்து பத்துப் புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்றால், எல்லைக்குள்ளேயே இருந்தாலும், ஏதோ மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. விளக்கு மங்கியிருக்கலாம், இரசாயனப் போத்தல் வெப்பத்தில் கெட்டிருக்கலாம். இந்த விதிகளை 1981இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் தொகுத்தார். இதற்கு வேண்டியது ஒரு வரைபடத் தாளும் தினமும் அதைப் பார்க்கும் ஒருவரும். வெளியிலிருந்து வரும் பரீட்சையும் வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்திய ஆய்வுகூடங்களுக்குப் பெயரில்லா மாதிரிகளை அனுப்பி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் புள்ளி கொடுத்துவருகிறது. ஒரு சிறு நகர ஆய்வுகூடத்துக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் சில நோய்கள் இல்லாதவையாகவே ஆகிவிடுகின்றன. மெலியோய்டோசிஸ் என்று ஒன்று. வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பக்ரீரியா, காலின் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சீனி வருத்தக்காரரைக் குறிவைத்துத் தாக்கும். நியூமோனியாவாக வரலாம், கல்லீரலில் சீழ்க்கட்டியாக வரலாம், காசநோய் போலவும் தோன்றலாம். இலங்கையில் முதல் நோயாளி பற்றிய குறிப்பு 1927இலேயே வந்தது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு அங்கொன்று இங்கொன்று என்றுதான் பதிவு. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் எனோகா கொரியாவும் அவரோடு சேர்ந்தவர்களும் நாடெங்கும் உள்ள வைத்தியசாலை ஆய்வுகூடங்களைக் கூட்டுச் சேர்த்துத் தேடத் தொடங்கினார்கள். 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, நோய் நாடு முழுக்கப் பரந்திருப்பதைக் காட்டியது. நோய் புதிதாக வந்ததல்ல. வளர்தட்டில் முளைத்த கிருமியை, வெளியிலிருந்து கலந்த தூசிக் கிருமி என்று குப்பையில் போட்டுவந்தது நின்றது, அவ்வளவுதான். அடையாளம் காண எளிய வழியும் உண்டு. ஜென்ரமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாது, கோ-அமொக்சிக்கிளாவுக்குப் பணியும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். வழமையாகக் கொடுக்கும் நுண்ணுயிர்கொல்லிகள் பல இதில் எடுபடாது. செப்ரசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. மருந்து தொடங்குவதற்கு முன் இரத்தம் எடுத்து வளர்ப்புப் போத்தலில் விட வேண்டும், போத்தலைக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது. அந்தச் சிறு ஒழுங்கு கந்தளாயில் நடந்தால், மீதியைத் திருகோணமலை பார்த்துக்கொள்ளும்.

இயந்திரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய பகுப்பாய்வு இயந்திரங்களில் பெரும்பாலானவை தங்கள் கம்பனியின் இரசாயனத்தை மட்டுமே ஏற்கும். இயந்திரம் நன்கொடையாக வந்தாலும், அதற்கான இரசாயனத்தை ஆண்டாண்டாக டொலரில் வாங்க வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் போனபோது, நாட்டின் வைத்தியசாலைகளில் நல்ல நிலையில் இருந்த இயந்திரங்கள் இரசாயனம் இல்லாமல் நின்றன. ரெஸ்ட்டை வெளியில் செய்துகொண்டு வாருங்கள் என்று துண்டு கொடுக்கப்பட்டது. இலவச மருத்துவத்தில் பெருமைப்படும் ஒரு நாட்டில் அந்தத் துண்டு ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். ஒரே மாகாணத்தில் பத்து வைத்தியசாலைகளில் பத்துக் கம்பனி இயந்திரங்கள் இருந்தால், ஓரிடத்தில் மீந்த இரசாயனத்தை இன்னோரிடத்துக்குக் கொடுக்கவும் வழியில்லை. மாகாணம் முழுதும் ஒரே வகை, ஒரே கொள்வனவு, பழுது பார்க்க மாகாணத்துக்குள்ளேயே ஒருவர். இப்படி ஒப்பந்தம் எழுதுவது இயந்திரத்தைத் திறந்துவைக்கும் விழாவை விடப் பெறுமதியான வேலை.

2018இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசியச் சோதனைகளின் முதலாவது பட்டியலை வெளியிட்டது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அது ஆய்வுகூடம் உள்ள இடத்துக்கு ஒரு பட்டியல், இல்லாத இடத்துக்கு வேறு பட்டியல் என்று பிரித்துச் சொல்கிறது. இலங்கையும் அதே காலத்தில் ஒரு பெரிய வைத்தியசாலையைச் சுற்றியுள்ள சிறிய நிலையங்களை ஒரு கொத்தாக இணைக்கும் முறையைக் கொள்கையாக்கியது. அதன்படி பார்த்தால், வான்எலயிலோ தம்பலகாமத்திலோ உள்ளவர் இரத்தம் கொடுக்க விடிய எழும்பி பஸ் ஏறத் தேவையில்லை, குழாய்தான் பயணம் செய்யும். அதற்குக் காலை எட்டரைக்கு ஒரு வாகனம் புறப்பட வேண்டும், எட்டு மணிக்குள் இரத்தம் எடுத்து முடிய வேண்டும், குழாய்களில் பெயரும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். ஆய்வுகூடத் தவறுகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் நடப்பதல்ல, மாதிரி இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் நடப்பது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தவறான குழாய், தவறான பெயர், கடந்துபோன நேரம்.

திரும்பி வரும் வழியிலும் அதே கவனம் வேண்டும். 1972இல் அமெரிக்க நோயியலாளர் ஜோர்ஜ் லண்ட்பேர்க் ஒரு வழக்கத்தை முன்வைத்தார். உயிராபத்தைக் காட்டும் முடிவு வந்தால், ரிப்போர்ட் தாளுக்குக் காத்திராமல் ஆய்வுகூடத்திலிருந்து உடனே வைத்தியருக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னவர் யார், கேட்டவர் யார், எத்தனை மணிக்கு என்பதை எழுதி வைக்க வேண்டும், கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வார்ட்டில் உள்ள நோயாளிக்கு இது எளிது. கிளினிக்கில் இரத்தம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்ட சிறுநீரக நோயாளிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பொட்டாசியம் 7 என்று வந்தால் யாரை அழைப்பது? அவருடைய ரெஸ்ட் துண்டில் பெயர், வயது, இலக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். இன்னொரு கட்டமும் வேண்டும்: வீட்டில் யாராவது எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணும், அவர்களோடு சிங்களத்தில் பேச வேண்டுமா தமிழில் பேச வேண்டுமா என்பதும். அச்சடிக்க ஒரு சதமும் கூடுதலாக ஆகாது. அடுத்த கட்டுத் துண்டுகள் அச்சுக்குப் போகும்போது சேர்த்துவிடலாம்.